பத்தடிக்குள் யாரும் வராத வீரன்

பதினான்கு மாதங்கள். சிவகாசிப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்தும் ஜெபினின் வீரன், அத்தனை காலம் தன் திறனை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.

ஞாயிறுதோறும் ஆராதனையும் மதியச் சாப்பாடும் முடிந்த பிறகு, அகஸ்டின் வீட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் கதை விளையாட்டு ஒன்று ஆட உட்காருவார்கள். கதையை நடத்துபவர் அகஸ்டின். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். யாரால் என்ன முடியும் என்பதை விதிப் புத்தகம் சொல்லும். ஜெபினின் வீரனுக்கு அது கொடுத்திருக்கும் திறன் இதுதான்: அவனிடமிருந்து பத்தடிக்குள் இருக்கும் தோழர்களை நெருப்பு சுடாது.

அருமையான திறன். ஆனால் தோழர்கள் யார்? பாண்டிமீனா, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். வேல்விழி, அச்சக வேலைக்கு வருமுன் பட்டாசுக்குத் திரி செருகிக்கொண்டிருந்தவர். பொறி தெரிந்தால் ஆளுக்கொரு வாசல் வழியாக ஓட வேண்டும் என்பது இருவருக்கும் காலிலேயே பதிந்திருக்கிறது. கதையில் யாராவது தீப்பந்தம் கொளுத்தினாலே கலைந்துவிடுவார்கள். ஜெபின் நடுவில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

பாண்டிமீனாவுக்கு அந்த விதியின் மேலேயே சந்தேகம். சுடாது என்று போட்டிருக்கிறது, வெடிக்காது என்று போட்டிருக்கிறதா என்பார். ஒருமுறை கூலிப்படையோடு சேர்ந்து ஆறு பேர் ஒரு குகை அறைக்குள் நுழைந்தபோது, பட்டாசு ஆலை விதிப்படி ஓர் அறைக்கு நான்கு பேர்தான் என்று இருவரை வெளியே அனுப்பிய பிறகே ஆட்டத்தைத் தொடரவிட்டார்.

போன ஞாயிறு ஜெபின் வந்தவுடனேயே சொல்லிவிட்டார். அன்றும் யாரும் பக்கத்தில் வராவிட்டால் வீரனைக் கைவிட்டு வேறு பாத்திரம் எடுத்துக்கொள்வாராம்.

அன்றைக்கு டிராகன் வந்தது. வாயைத் திறந்தது. பாண்டிமீனா கிழக்கு வாசலுக்கு ஓடினார், வேல்விழி மேற்கு வாசலுக்கு.

“அக்கா, இங்கன வாங்க. புத்தகத்துல போட்டிருக்குல்ல,” என்றார் ஜெபின்.

“புத்தகம் எழுதுனவுக என்னைக்காவது வெடிமருந்து ரூமுக்குள்ள நின்னிருக்காகளா தம்பி?” என்றார் பாண்டிமீனா.

டிராகனின் நெருப்புக்காக அகஸ்டின் பகடையைக் கையில் எடுத்துவிட்டார். ஜெபின் அவசரமாக அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். பத்தடிக்குள் இருக்கும் தோழர்கள் என்றுதான் இருந்தது. அவர்கள்தான் நடந்து வர வேண்டும் என்று எங்கும் இல்லை.

“அப்ப நான் அவுக பின்னால ஓடுறேன்.”

அகஸ்டின் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, தடையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். இரும்புக் கவசத்தோடு வீரன் துரத்த, பாண்டிமீனா பதறி இன்னும் வேகமாக ஓடினார்.

“ஏலே, ஒட்டிக்கிட்டு வராத. தள்ளிப் போலே.”

வாசலருகே ஜெபின் அவரைப் பத்தடிக்குள் பிடித்துவிட்டார். நெருப்பு வந்தது. பாண்டிமீனாவின் முடிகூடக் கருகவில்லை. ஜெபின் எழுந்து நின்றே கைதட்டினார்.

வேல்விழி கைதட்டவில்லை. அவருடைய பாத்திரம் மேற்கு வாசலில் சாம்பலாகிக் கிடந்தது.

“அக்கா பின்னால ஓடத் தெரிஞ்ச அண்ணனுக்கு, எம் பின்னால ஓடத் தெரியலையாக்கும்.”

ஜெபின் வீரனை விடப்போவதில்லை. வேல்விழி வரும் ஞாயிறு புதிய பாத்திரத்தோடு வருகிறார்: தண்ணீரை விட்டு வெளியே வராத ஒரு மீன்பெண்.