மூன்று மணிச் சங்கு

ஜீவராஜின் வேனோடு வந்த கம்பனி அலாரம் கதவைத் திறந்தால் மட்டுமே கத்தும். தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கீழே ரோட்டோரம் நின்ற வேனின் பின்கண்ணாடியை உடைத்து, கதவைத் தொடாமலே யாரோ துளைபோடும் மெஷினை எடுத்துப் போனார்கள். அலாரம் மூச்சு விடவில்லை. ஜீவராஜ் வயரிங் வேலை செய்கிறவர். ஒரு மாதம் இரவல் மெஷினில் வேலை பார்த்தார். கொடுத்தவர் அதற்குள் நாலு தரம் திருப்பிக் கேட்டார். புது மெஷின் வாங்கிய அன்றே ஹட்டனில் ஹிஷாமின் கடைக்குப் போனார்.

“கண்ணாடியத் தொட்டாலே கத்தணும் தம்பி. லயத்துக்குக் கேக்கணும்.”

“மலை முழுக்கக் கேக்கும்ணே,” என்ற ஹிஷாம், அதிர்வை உணரும் சிறு பெட்டியையும் ஒரு பெரிய சைரனையும் வேனில் பூட்டினான்.

புதன்கிழமை வேலையில்லை. ஜீவராஜ் வீட்டில் இருந்தார். வெளியே கனத்த பனிமூட்டம். மூன்று மணிக்குக் கொழுந்து லொறி வேனை ஒட்டி இறங்க, சைரன் ஊதத் தொடங்கியது. மேலிருந்து ரிமோட் எட்டவில்லை. எழுபது படி இறங்கி ஓடி நிறுத்துவதற்குள் இரண்டு நிமிடம் ஊதிவிட்டது.

மூச்சு வாங்க நின்றவர், மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு இறங்கி வருவதைக் கண்டார். அவருடைய மனைவி வினோதாவும் வந்தாள். பின்னாலேயே கங்காணி முத்துலிங்கம்.

“யாரு ஒங்கள எறங்கச் சொன்னது?”

“சங்கு ஊதுச்சே. பனியில நேரமா தெரியுது?” என்றாள் முன்னால் வந்த காளியாயி.

“வேலை முடியிற ஸ்டோருச் சங்கு நாலரைக்குத்தானே. இது இவரு வேன்.”

திரும்பி ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. யாருக்கும் அன்றைக்குப் பறிக்க வேண்டிய கிலோ சேரவில்லை. இருபத்திரண்டு பேருக்கும் அரைப்பேர் விழுந்தது. அரை நாள் சம்பளம்தான்.

“ஜீவராஜு, காலையில ஆள் கூப்புடுற பெரட்டுக்கும் நீயே ஊதிரு. தொரைக்கு ஒரு ஆள் மிச்சம்,” என்றாள் காளியாயி. எல்லோரும் சிரித்தார்கள்.

வினோதா சிரிக்கவில்லை. “எனக்கும் அரைப்பேருதான்.”

மறுநாள், லொறிக்குக் கத்தாமல் செய்ய முடியுமா என்று கேட்க ஜீவராஜ் ஹிஷாமிடம் போனார்.

“அதிர்வக் கொறைச்சா, கண்ணாடிய ஒடச்சாலும் பேசாதுண்ணே.”

“அப்ப சத்தத்த மாத்து.”

“ஆம்புலன்ஸ் சத்தம் இருக்கு.”

“லயத்துல மூணு பேரு மாசமா இருக்காங்க. அது வேணாம்.”

“இன்னொன்னு இருக்கு. சின்னதா, பீ பீன்னு.”

“லயத்துக்குக் கேக்குமா?”

“கேக்காது.”

“பெறகு எதுக்குடா அது?”

ஹிஷாம் பிளேன்டீயை நீட்டினான். சைரன் பழையபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு, ஸ்டோர்த் தொழிற்சாலையில் உண்மையான சங்கு ஊதியது. பெண்கள் யாரும் இறங்கவில்லை. வினோதா நனைந்து வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி.

“வேனா, ஸ்டோரான்னு அங்க பஞ்சாயத்து. காளியாயி அக்கா எறங்க விடல. கங்காணி கெஞ்சுறாரு, ஒருத்தியும் நம்பல,” என்றாள். “ஒங்க மெஷினுக்காக எத்தனை பேரு மழையில நிக்கணும்?”

“திரும்பவும் களவு போனா நான் எதைக் கொண்டு வேலை செய்யிறது?”

“அது எனக்குத் தெரியாது.”

ஜீவராஜ் வேனுக்கு இறங்கிப் போனார். சைரனின் இரண்டு வயரையும் வெட்டினார். மெஷின், கட்டர், சுத்தியல் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினார். நாற்பதாவது படியில் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. இடுப்பு கடுத்தது. இன்னும் முப்பது படி. காலையில் இதையே கீழே இறக்க வேண்டும்.