புரட்டாசியில் வந்த பால்சுறா

தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவினால் தச்சர் வைத்திருக்கும் உப்புத்தாள் மாதிரி உள்ளங்கையைப் பிறாண்டும். பால்சுறாவின் தோல் அப்படி. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்பது வயதுக்காரியான நான் அதை இப்படியும் அப்படியுமாகத் தடவிப் பார்த்தது இன்னும் என் கையிலேயே இருக்கிறது.

புரட்டாசியில் எங்கள் தெருவுக்குள் மீன்கூடை வராது. எல்லாம் நாமம் போட்ட வீடுகள். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மண்டியில் எடை போடுகிற அப்பாவோ மாதம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடு. அந்த மாதம் பார்த்துத்தானா தம்பி பிறக்க வேண்டும்? பிறந்து பத்து நாளாகியும் அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்தவள் இப்படித்தான் சர்க்கரைத் தண்ணீரைச் சப்பிச் சப்பி நாற்பதாம் நாள் போய்ச் சேர்ந்தாள். அதனால் தம்பி அழுதால் யாரும் பயப்படவில்லை. அழுகையை நிறுத்தினால்தான் வீடு நடுங்கியது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒரே போடாகப் போட்டாள்: "பூண்டு குடுத்தாச்சி, முருங்கக்கீரை குடுத்தாச்சி, ஒண்ணும் ஆவல. இனிமே பால்சுறாதான். சாமியா புள்ளையா, நீயே சொல்லு."

அப்பா மறுநாள் முதல் பஸ்ஸில் மரக்காணம் கடற்கரைக்குப் போனார். உச்சிவேளையில் இரண்டு முழ நீளச் சுறாவைப் பனையோலையில் சுற்றி, மேலே தன் துண்டைப் போர்த்தி எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். துண்டு மறைத்தது மீனைத்தான். வாசனை அவருக்கு முன்னால் வந்தது. எதிர்வீட்டார் பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே போனார்கள். பிள்ளை பெற்றவள் இருக்கிற வீடு என்று அவர்களுக்குத் தெரியாதா!

மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் பூண்டும் சேர்த்து வதக்கும் "சுறாப்புட்டு" பிள்ளை பெற்றவளுக்குப் பால் கொடுக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தை சாம்பலைத் தொட்டுக்கொண்டு அரிவாள்மணையில் வயிற்றைக் கீறினாள். உள்ளே நான்கு குட்டிகள், விரல் நீளத்தில், கண்ணெல்லாம் வந்து, ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் மெல்லிய கொடியோடு. சட்டென்று அவற்றைச் சாம்பலுக்குள் தள்ளி மூடினாள் அத்தை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அப்போதே எனக்கு அது முடியாது.

"அம்மா, இதுக்குள்ள பாப்பாங்க இருக்குது! தம்பிக்கு இருந்தா மாதிரியே கொடியெல்லாம் இருக்குது!"

புட்டு வெந்து தட்டில் வந்தபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "அதுவும் புள்ளத்தாச்சிதானுங்களே. எனக்கு எறங்காதுங்க" என்றாள். அத்தை கெஞ்சினாள், திட்டினாள், என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். கொல்லையில் நின்றுகொண்டு, தம்பி செத்தால் அது என்னால்தான் என்று தேம்பினேன்.

தீட்டு என்று அதுவரை அந்த அறைப் பக்கமே வராத அப்பா, வாசற்படியில் வந்து நின்றார். "பெருமாளாண்ட நான் சொல்லிக்கிறேன். அந்தப் பாவமும் என்னோட போவட்டும். நீ துன்னு."

அம்மா அசையவில்லை. அப்போதுதான் தம்பி அழுகையை நிறுத்தினான். அம்மா எழுந்து அவன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீர் தட்டில் விழ விழ, ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தாள்.

மூன்றாம் நாள் பால் வந்தது. சுறாவா, பூண்டா, பெருமாளா, அத்தையின் திட்டா, எனக்குத் தெரியாது. தம்பி குடித்தும் மிஞ்சுகிற அளவுக்கு வந்தது. மிஞ்சிய பாலைக் கால்படாத இடத்தில் ஊற்ற வேண்டும் என்பார்கள். அம்மா கிண்ணத்தில் பீய்ச்சி என்னிடம் கொடுத்து, "முருங்கமரத்தாண்ட ஊத்திட்டு வா" என்பாள். அந்த நான்கு குட்டிகளையும் அப்பா புதைத்த இடம் அது. ஏன் அங்கே என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சாகும்வரை அம்மா சுறாவை வாயில் வைக்கவில்லை. ஆனால் எனக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் பிள்ளை பிறந்தபோது அவள்தான் புட்டு செய்தாள். ருசி பார்க்காமலே உப்பு சரியாக இருக்கும்.

தம்பி விழுப்புரத்தில் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். போன மாதம் என் பேத்திக்குக் குழந்தை பிறந்தது. பால் போதவில்லை என்றார்கள். நானே மார்க்கெட்டுக்குப் போனேன். இரண்டு முழச் சுறா எங்கே இருக்கிறது? ஐஸ் பெட்டியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிடந்தன. "வயித்துல குட்டி இருக்குமாப்பா?" என்று கேட்டேன்.

"பயப்படாத ஆயா. எல்லாமே குட்டிதான். குட்டி போடுற வயசே இதுங்களுக்கு ஆவல" என்றான் மீன்காரன், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பூண்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் அம்மா நினைப்புத்தான், அவளை உடனே பார்க்க வேண்டும் போலிருந்தது. திண்டிவனத்து வீட்டை விற்றாயிற்று; வாங்கியவர்கள் முருங்கையை வெட்டி, அங்கே கடை கட்டிவிட்டார்கள். பேத்திக்குப் பால் மிஞ்சினால் எங்கே ஊற்றுவது என்று யாரிடம் கேட்பேன்?