ஆரஞ்சு நிறக் கோழிக்குஞ்சு

பொய் சொல்லாத பிள்ளை என்று எங்கள் சொந்தத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் நாசமாய்ப் போக! அதனால்தான் அன்று மாமன் என்னை நம்பினார்.

நாமக்கல் பக்கம், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே எங்கள் வீடு. எனக்கு எட்டு வயது. பண்ணைக்கு ஆகாத சேவல் குஞ்சுகளுக்குச் சாயம் ஏற்றி மொபெட்டில் விற்று வருபவர் ஒருவர், எங்கள் வாசலில் வண்டியை நிறுத்திக் கூடையின் மூடியை ஒரு நொடி திறந்து மூடினார். உள்ளே ஒரு ஆரஞ்சு நிறக் குஞ்சு. என் கண்ணால் பார்த்தேன். அதுதான் வேண்டுமென்று உள்ளே ஓடி, சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனை எச்சில் கையோடு இழுத்து வந்தேன்.

மறுபடி திறந்தபோது சிவப்பும் மஞ்சளும்தான் இருந்தன. என் குஞ்சை ஒளித்துவிட்டார் என்று தெருவே கேட்க அழுதேன்.

"நெசமாப் பாத்தியா சாமி?" என்று கேட்டார் மாமன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

குஞ்சுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டே சாயந்தானுங்க போட்டேன். ஆரஞ்சே இல்லீங்க."

"எங்கூட்டுப் புள்ள பொய் சொல்லாது" என்றபடி மாமன் கூடையைக் கவிழ்த்தார்.

குஞ்சுகள் சிதறி ஓடின. பாதிக்கு மேல் ரோட்டுக்குப் போய்விட்டன. தீவன லாரி ஒன்று வளைவில் திரும்பி வந்தது, சக்கரத்தடியில் குஞ்சுகள் சிக்குவது ஓட்டியவருக்கு எங்கே தெரியப்போகிறது. நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

பல வருடம் கழித்து, கல்லூரியில் ஒரு வகுப்பு. திரையில் சிவப்பும் மஞ்சளுமாக வட்டங்களை ஒரு நொடி காட்டி மறைத்தார்கள். பிறகு ஆரஞ்சு வட்டம் ஒன்றைக் காட்டி, இது அதில் இருந்ததா என்று கேட்டார்கள். முதலில் தூக்கிய கை என்னுடையது. ஆனால் அது அங்கே இல்லவே இல்லையாம். நிறங்கள் கூட்டமாக வந்தால் மூளை ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளாது. எல்லாவற்றுக்கும் நடுவான ஒரு நிறத்தைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்ததாகவே சாதிக்குமாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூக்கிய கையை இறக்கத் தோன்றவில்லை. கண்ணுக்குள் அந்த ரோடுதான் தெரிந்தது.

அன்று மிஞ்சிய குஞ்சுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்ட அந்த மனிதர், நேரே என்னிடம் வந்து உள்ளங்கையில் ஒரு மஞ்சள் குஞ்சை வைத்தார்.

"அழுவாத கண்ணு. இத வெச்சுக்க."

திருடியவர் பயந்துபோய்க் கொடுக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போனேன்.