மூட்டைக்கு ஒரு ஸ்பானியச் சொல்

ஹியூபேட் முகம் மழிக்கும்போது கண்ணாடியோடு கதைப்பார். கலியாணம் முடித்த நாள்முதல் மனைவி கொன்ஸ்ரன்ஸ் கவனித்துவரும் பழக்கம் அது. கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளாக்கர் அவர். காதில் விழுந்த புது இங்கிலீஷ் சொல்லை மறுநாள் சவர்க்கார நுரைக்குள் மென்றுகொண்டிருப்பார்.

அறுபத்துநாலாம் ஆண்டில் இயந்திரம் பழுதான ஸ்பானியக் கப்பலொன்று வந்து மாதக்கணக்கில் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு உறுத்தத் தொடங்கியது. தினமும் ஒரே சொல்: டனேஜ்.

“அதென்ன சாமான்?”

“சரக்குக்குக் கீழ பரப்பிற பலகை. ஸ்பானிய பாஷையில மதேரா. இடுக்குக்குள்ள திணிக்கிறதும் டனேஜ்தான், அது அபரோத்தே. கப்பல்காரன்ர உடுப்பு மூட்டையும் டனேஜ். அதுக்கு எக்கிபாஹே.”

பலகை சரி. கரையில் நின்று எண்ணுகிறவருக்கு மூட்டை எதற்கு? அவளுடைய அண்ணன் வலன்ரைனும் இப்படித்தான், கிரேக்கக் கப்பல்காரரோடு சிநேகிதமாகி, பின்னேரம் வாறன் என்று போனவன். திரும்பவேயில்லை.

அடுத்த கிழமை, துவைக்க எடுத்த சட்டைப் பையில் புத்தம்புது உத்தரியம் இருந்தது, நாடாவில் கோத்த சிறு துணித்துண்டு, கார்மேல் மாதாவின் படம் போட்டது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் எவரும் மந்திரித்த உத்தரியம் கழுத்தில் இல்லாமல் கப்பலேற மாட்டார்கள்.

“இது ஆருக்கு?”

“அந்த ஸ்பானியக் கப்பல்ல வேலை செய்யிற மிகேலுக்கு. பாவம், கேட்டவன்.”

“அப்ப நானே குடுக்கிறன். செவ்வாய்க்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லுங்கோ.”

“நீயோ? மீன்காரனோடயே நிமிர்ந்து கதைக்க மாட்டாய்!”

“கதைக்கத் தேவையில்லையே. கையில வைச்சாக் காணும்.”

கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் மிகேல் குனிந்து வாங்கி முத்தமிட்டான். அணிவதற்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். உள்ளே, வியர்வையில் கறுத்த உத்தரியம் ஒன்று ஏற்கெனவே கிடந்தது.

கொன்ஸ்ரன்ஸ் கணவனைப் பார்த்தாள். அவர் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபின் மெல்லக் கேட்டாள்:

“பாதரிட்ட இன்னொரு உத்தரியம் கேக்கப் போறீங்களோ?”

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

“இல்லை, கொன்ஸி. சோத்தைப் போடு.”

கப்பல் ஞாயிறு பூசை நேரத்தில் ஊதிக்கொண்டு புறப்பட்டது. ஆண்கள் பக்கத்தில் ஹியூபேட் முழந்தாளில் இருக்கிறாரா என்று முக்காட்டுக்குள்ளால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இருந்தார்.

இப்போது அவர் பென்ஷன்காரர். கடலுக்குப் போனதேயில்லை. போக இருந்தாரா என்று அவள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. வாசல்படி இறங்கினால் மட்டும், எங்கே போகிறீர்கள் என்று இன்றைக்கும் கேட்கிறாள்.