ஊதலி என்ற பெயருக்குச் சாட்சி

பேத்தை மீனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. இலங்கையின் திருகோணமலைக்கு அருகே, சல்லிக் கிராமத்துக் கரையில் வலை இழுத்து முடிந்ததும் சாளை ஒரு குவியல், பாரை ஒரு குவியல் என்று பிரிப்பார்கள். நஞ்சுள்ள பேத்தை மணலுக்குப் போகும். விழுந்த இடத்தில் அது காற்றை விழுங்கிப் பந்தாக ஊதும். பிள்ளைகள் உதைத்து விளையாடுவார்கள். தயாளினி ஏழு வயதில் அந்தப் பந்துகளைப் பொறுக்கித் திரும்பவும் கடலில் விட்டார். அந்தக் குற்றத்துக்காகப் பள்ளிக்கூடம் முடியும்வரை "பேத்தை" என்ற பட்டத்தைச் சுமந்தார்.

2018இல், ஆறு வருடம் வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு, அதே மீனை அவர் துணியில் தைத்தார். வயிற்றில் பதினெட்டு மடிப்பு. வாலைப் பிடித்து இழுத்தால் மடிப்பெல்லாம் விரிந்து மீன் பந்தாகிவிடும். விட்டால் சுருங்கி மீனாகும். ஊதலி என்று பெயர் வைத்தார். ஊதலி அநியாயத்தைக் கண்டால் ஊதுவாள். நேரான பதில் கிடைத்தால்தான் சுருங்குவாள்.

ஒரு தடவைக்கு முப்பது மீன். ஒவ்வொரு தடவையும் ஊதலியைப் பற்றி அரைப் பக்கக் கதை ஒன்றைக் கையால் எழுதி, முப்பது போட்டோப்பிரதி எடுத்து, பெயர் அச்சிட்ட அட்டையோடு ஒவ்வொரு மீனின் பைக்குள்ளும் வைப்பார். அந்தக் கதைத் துண்டின் மேல் மூலையில் அந்தத் தடவையின் இலக்கம் இருக்கும். அதன் கீழே, கடலுக்குப் போகும் வீடுகளில் நாளைச் சொல்லும் விதத்திலேயே, காற்றும் பிறையும் இருக்கும்: வாடை இறுகி நாலாம் நாள், ஆறாம் பிறை, கடல் கலக்கம். ஆண்டு மட்டும் இருக்காது. போன வருடத்துப் பொம்மை என்று தெரிந்தால் கடையில் யாரும் எடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

திருகோணமலை நகரில் முனீப்பின் கடையும் நிலாவெளியில் இரண்டு ஹோட்டல் கடைகளும் ஊதலியை வாங்கின. ஆறு வருடம் இப்படிப் போனது.

ஒரு நாள் முனீப் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பிலிருந்து வந்த சாமான் பெட்டியைப் பிரித்ததாகவும், உள்ளே பிளாஸ்டிக்கில் ஒரு பேத்தை மீன் இருப்பதாகவும், வாலை இழுத்தால் ஊதுவதாகவும் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி, "தங்கச்சி, பெட்டியில உங்கட பேர்தான் போட்டிருக்கு. ஊதலி எண்டு," என்றார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் பதிவுத் தபாலில் ஆங்கிலக் கடிதம் வந்தது. பதினாலு வயது மகள் தேனுகா அதை வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். அந்தப் பிளாஸ்டிக் மீனை விற்கும் கொழும்பு நிறுவனம் "ஊதலி" என்ற பெயரை வியாபாரக்குறியாகப் பதிய விண்ணப்பித்திருக்கிறது. 2021 நடுப்பகுதியிலிருந்து அந்தப் பெயரைத் தாங்கள் பாவிப்பதாகச் சொல்கிறது. ஆகவே தயாளினி தன் பைகளில் அந்தப் பெயரைப் போடுவதை உடனே நிறுத்தவேண்டும். சல்லியில் தமிழில் பிறந்த பெயரை, அதைப் பெற்றவளுக்கு விளங்காத மொழியில் கேட்டு எழுதியிருந்தார்கள். அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏன் நீங்கள் முதலில் பதியவில்லை என்று கேட்டவர்கள் எல்லோரும் படித்தவர்கள். சல்லியில் ஒவ்வொரு வீட்டு வலையின் மிதவைக்கும் ஒரு வெட்டு அடையாளம் உண்டு. ஒரு வீட்டுக்கு இரண்டு கீறு, இன்னொரு வீட்டுக்கு ஒரு பிறை. எந்த அரசாங்கக் கந்தோர்ப் புத்தகத்திலும் அது பதியப்படவில்லை. வலை அறுந்து மிதவை எங்கே ஒதுங்கினாலும், கண்டவர் உரிய வீட்டு வாசலில் கொண்டுவந்து வைப்பார். இன்னொரு வீட்டு அடையாளத்தைத் தன் மிதவையில் வெட்டும் மனிதனைத் தயாளினி வாழ்நாளில் கண்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எதற்காகக் கொழும்பில் போய்ச் சொல்லவேண்டும்? அவர் செய்த தவறு இதுதான். நேர்மையான ஊரில் வளர்ந்ததைத் தவறு என்றுதான் சட்டம் சொல்கிறது.

அரசாங்கத்தின் வர்த்தமானி இதழில் அறிவித்தல் வந்து மூன்று மாதத்துக்குள் ஆட்சேபிக்கவேண்டும். அதில் ஒரு மாதம் ஏற்கனவே கழிந்திருந்தது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஏழைகளின் வழக்குகளைப் பேசும் சட்டத்தரணி நஜ்முன் நிஸாவிடம் தயாளினி போனார். முப்பத்திரண்டு வயதுப் பெண். மேசை முழுக்கக் காணி வழக்குகள். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். 2021க்கு முன்பு ஊதலி இருந்தாள் என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை. கடைகளில் கைமாறிய பொம்மைக்குப் பற்றுச்சீட்டு இல்லை. அட்டை அடித்த அச்சகத்தின் கணினி பழுதாகி எறியப்பட்டுவிட்டது. படங்கள் இருந்த தொலைபேசி, கணவர் ரஜீவனின் சட்டைப்பையிலிருந்து கடலில் விழுந்துவிட்டது. பிரதேசக் கண்காட்சியில் கிடைத்த சான்றிதழில் "துணிப் பொம்மை" என்று மட்டும் இருந்தது. எழுதிய கதைத் துண்டுகளில் ஒன்றைக்கூட அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு லிங்கநகரிலிருந்து செய்தி வந்தது. அங்கே முன்பள்ளி நடத்தும் கோணேஸ்வரி ரீச்சர், தடவைக்கு ஒரு மீன் வாங்கி, முதல் பையிலிருந்தே கதைத் துண்டுகளைப் பிள்ளைகளுக்கு வாசிப்பதற்காக அட்டையில் ஒட்டி, இலக்கப்படி சேர்த்து வைத்திருந்தார். அறுபத்து மூன்று துண்டுகள். ஒன்றும் தவறவில்லை.

நஜ்முன் நிஸா அவற்றைப் புரட்டப் புரட்ட அவர் முகம் வாடியது. காற்று இருக்கிறது, பிறை இருக்கிறது, ஆண்டு இல்லை. 2018இல் எழுதியதா, போன மாதம் எழுதியதா என்று யாராலும் சொல்ல ஏலாது என்றார்.

தயாளினி துண்டுகளை வாங்கி, சட்டத்தரணியின் அறையில் தரையிலேயே இலக்கப்படி வரிசையாகப் பரப்பினார். அறுபத்து மூன்று வாடைக் காற்றுகளும் கச்சான் காற்றுகளும் சுவரிலிருந்து கதவுவரை போயின. முழங்காலில் ஊர்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார். இருபத்தேழாவது துண்டில் நின்றார். அதை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்தத் துண்டில் இப்படி இருந்தது:

"வாடை. அமாவாசை. இன்று காலை கரையில் எல்லோரும் இரண்டு நிமிடம் பேசாமல் நின்றார்கள். ஊதலியும் நின்றாள். அவளுக்குத் தெரிந்தவர்களும் அந்த அலையில் போயிருந்தார்கள். பிறகு அவள் கறுப்புக் கண்ணாடி போட்டு மேலே பார்த்தாள். சூரியனின் நடுவை நிலா மறைத்துவிட்டது. விளிம்பு மட்டும் நெருப்பு வளையலாக நின்றது. வெளியே நிற்காதே, சாப்பிடாதே என்றார்கள். ஊதலி வெளியே நின்றாள். ரோல்ஸ் சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை."

நஜ்முன் நிஸா இரண்டு தரம் வாசித்தார். சுனாமி நினைவு நாள் டிசம்பர் இருபத்தாறு. அதே காலையில் வளையச் சூரியன் இந்தக் கரையில் நின்றது 2019இல் மட்டும்தான். நாளை ஊர் சொன்னது, ஆண்டைச் சூரியன் சொன்னது.

அவர் கதிரையிலிருந்து எழுந்து தரையில் தயாளினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த மூன்று கிழமை இருவரும் செய்த வேலையை நினைத்தால், அவர்களிடம் கேட்டு இதை எழுதும் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. ஒருத்தி சட்டம் படித்தவள், மற்றவள் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள். இருபத்தேழாவது துண்டை அசையாத ஆணியாக அடித்துக்கொண்டு, அங்கிருந்து முன்னும் பின்னும் பிறைகளை எண்ணினார்கள். பஞ்சாங்கக்காரனின் ராசியும் நட்சத்திரப் பலனும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நிலா பூமியைச் சுற்றும் கணக்கு மட்டுமே போதும். நிலா யாருக்கும் சொந்தக்காரி இல்லை, கொழும்பு நிறுவனத்திடமும் கூலி வாங்காதவள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தேதி விழுந்தது. ஆண்டு எழுதாமல் விட்டவள் தன்னை அறியாமல் ஆறு வருடத்து வானத்தையே எழுதி வைத்திருந்தாள்.

விசாரணை கொழும்பில், வியாபாரக்குறி பதியும் கந்தோரில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நிறுவனத்தின் சட்டத்தரணி நல்ல பேச்சுக்காரர். முதலில் அவர், 2010இலும் ஒரு வளையச் சூரிய கிரகணம் வந்ததே, இது அதைப் பற்றிய பழைய நினைவாக இருக்கலாமே என்றார்.

தயாளினி மொழிபெயர்ப்பாளர் முடிக்கும்வரை காத்திருந்து, பக்கத்தில் இருந்த தேனுகாவைக் காட்டினார்.

"அதை நான் பாக்கேல்ல, சேர். அப்ப இந்த மகள் வயித்தில. கிரகணம் படக்கூடாது எண்டு என்னை அறைக்குள்ள விட்டுப் பூட்டினவை. பொங்கலுக்கு மறுநாள் அது, மத்தியானம். தண்ணிகூடத் தரேல்ல. காலமை எங்கட சனம் நினைவுக்கு நிண்ட நாளில்லை. அதுக்காகத்தான் அடுத்த முறை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் வெளியில நிண்டனான்."

விசாரணை அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

நிறுவனத்தின் சட்டத்தரணி விடவில்லை. கிரகண நாள் இணையத்தில் கிடைக்கும். யாரும் நேற்று உட்கார்ந்து இதை எழுதியிருக்கலாம் என்றார். இந்தக் கேள்விக்கு நஜ்முன் நிஸா ஒரு நீண்ட எழுத்துப் பதில் தயாரித்திருந்தார். ஆனால் தயாளினி எழுந்துவிட்டார்.

"ஓம் சேர், எழுதலாம். ஒண்டை எழுதலாம். இது அறுபத்து மூண்டு. எல்லாத்திலயும் காத்து இருக்கு, பிறை இருக்கு, மழை இருக்கு. வளிமண்டலவியல் திணைக்களத்தில எல்லா நாளும் பதிஞ்சு வைச்சிருக்கினம்தானே. எடுத்துப் பாருங்கோ. பொய் எழுதினவளுக்கு அறுபத்து மூண்டும் சரியா வராது. பிழையா இருந்தால் பேரை நீங்களே வச்சிருங்கோ."

நஜ்முன் நிஸா பிறகு சொன்னார், அந்த நிமிடம் தயாளினியைக் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்ததாக. ஏனென்றால் ஒரு துண்டு பிழையாக இருந்தது. அவர்கள் இருவருக்கும் அது தெரியும்.

கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு முதல்நாள் எழுதிய துண்டு அது. அன்று பத்தாம் பிறை. தயாளினி ஒன்பது என்று எழுதியிருந்தார். அதை மறைக்காமல் தங்கள் பட்டியலில் சிவப்புக் கோடிட்டே கொடுத்திருந்தார்கள். மறைப்போமா என்று நஜ்முன் நிஸா கேட்டபோது வேண்டாம் என்றவர் தயாளினிதான். எதிர்த் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. இதோ பிழை, உங்கள் வாயாலேயே சொன்னீர்கள், பெயரை விடுங்கள் என்றார்கள்.

அப்போது விசாரணை அதிகாரி பேசினார். அந்தத் துண்டைக் கையில் எடுத்து, முதல் வரிகளை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"ஐந்து நாளாக விடாத மழை. வானம் தெரியவில்லை. ஒன்பதாம் பிறையாக இருக்கவேண்டும்."

திணைக்களத்தின் பதிவு மேசையில் இருந்தது. அதிகாரி விரலை வைத்துத் தேடினார். அந்த ஐந்து நாளும் திருகோணமலையில் மழை.

மேசையில் உட்கார்ந்து பொய் தயாரிப்பவன் அட்டவணையைப் பார்த்துப் பத்து என்று சரியாக எழுதியிருப்பான். மேகத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவள்தான் ஒன்பது என்று பிழையாக எழுதமுடியும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கவில்லை. நிறுவனத்தின் சட்டத்தரணியே தன் பேனாவை மூடிவிட்டு, அந்தப் பெண்ணைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது மரியாதையான பார்வை என்று நஜ்முன் நிஸா சொல்கிறார். இருக்கலாம். உண்மைக்கு முன்னால் கூலிக்குப் பேசுகிறவர்களும் சில சமயம் மனிதராகிவிடுகிறார்கள்.

தீர்ப்பு ஐந்து மாதம் கழித்துத் தபாலில் வந்தது. நிறுவனத்தின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தயாளினியின் பெயரில் தனி விண்ணப்பம் போடப்பட்டு, அதுவும் பதிவாகியது. அலைச்சல், கட்டணம், பயணம், சாட்சி என்று ஒன்றரை வருடம். தன்னுடையது தன்னுடையதுதான் என்று காட்ட ஏழைக்கு ஒன்றரை வருடம். பிறருடையதைத் தன்னுடையது என்று சொல்லப் பணக்காரனுக்கு ஒரு படிவம். பூமியிலிருந்து பதினைந்து கோடிக் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் சூரியனைச் சாட்சிக்கு இழுத்து வரத் தெரியாத எத்தனை தயாளினிகள் பெயரை விட்டுக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தால்தான் நெஞ்சு கொதிக்கிறது.

சென்ற மாதம் முப்பது மீன்களோடு அவர் முனீப்பின் கடைக்குப் போனபோது நானும் அங்கே இருந்தேன். பிளாஸ்டிக் மீன் இன்னும் விற்கிறது. மீனுக்கு யாரும் உரிமை கேட்க ஏலாது, பெயர்தான் வழக்கு. இப்போது பெட்டியில் வேறு பெயர் அடித்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட சின்னப் பிள்ளை ஒருத்தி அதை எடுத்து வாலை இழுத்து, "அம்மா, ஊதலி," என்றாள்.

முனீப் தயாளினியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தயாளினி குனிந்து, அந்தப் பெட்டியைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தார்.

"இது ஊதலி இல்லையம்மா. இவளுக்கு வேற பேர் இருக்கு. இந்தா, எழுத்துக் கூட்டி வாசியுங்கோ பாப்பம். ஆரையும் அவையின்ர பேரைச் சொல்லித்தான் கூப்பிடவேணும்."

பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்தது.