ஸ்பானிஷ் சார் படித்துச் சொன்ன கடிதங்கள்

குரோம்பேட்டை நிலையத்தில் மின்சார ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை எதிர் நடைமேடையிலிருந்து கையை ஆட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"பாப்பா! ஸ்பானிஷ் சார் தவறிட்டாரு! காபி குடிச்சிகினே இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம். நல்ல சாவு!"

அன்று அலுவலகத்தில் ஒரு பிழையும் இல்லாமல் தட்டச்சு செய்தேன். அழுகை வரவில்லை. வரவழைக்கவும் முயலவில்லை.

அடக்கத்தன்று கோயில் நிறைந்திருந்தது. முடிந்ததும் பங்குத்தந்தை என்னை அழைத்தார். "நீங்கதானேம்மா அவரோட பெஸ்ட் ஸ்டூடன்ட்? பங்கு மலர் பத்திரிகைக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. மனசுல இருக்கறத எழுதுங்க, போதும்" என்றார். மனத்தில் இருப்பதையே எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். அலோசியஸ் சார் இளம் வயதில் பாதிரியாருக்குப் படிக்கும் குருமாணவராக ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டவர். ஆறு ஆண்டுகள் அங்கே படித்துவிட்டு, குருப்பட்டம் பெறாமலே தாம்பரத்துக்குத் திரும்பினார். ஏன் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைச் சட்டை அணிவார். வணக்கம் சொன்னால் தலையை ஓர் அங்குலம் அசைப்பார். வணக்கம் சொன்னவர் ஆயாவோ கொத்தனாரோ என்றால் அதில் பாதி.

அறுபதுகளின் இறுதியில் ஸ்பெயினிலுள்ள ஒரு கன்னியர் மடம் நம் பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. அங்கே போனால் நர்ஸ் படிப்பு உண்டு என்றார்கள். போகவிருந்த பெண்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு சாருக்கு வந்தது. சனிக்கிழமை மதியம், கோயிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடக்கும் ஞானோபதேச அறையில் வகுப்பு. நான் எங்கும் போவதாக இல்லை. புத்தகப் பைத்தியம், இன்னொரு மொழி கிடைக்கிறதே என்ற பேராசை.

"நீ எதுக்கும்மா வர்ற?"

"கத்துக்கலாம்னு, சார்."

"கத்துக்கினு?"

கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் இருப்பதானால் இருக்கலாம் என்றார்.

முதல் நாளே கரும்பலகையில் இரண்டு சொற்களை எழுதினார். லே. லேஸ். அவருக்கு, அவர்களுக்கு. மரியாதையாக நேரில் பேசினால் 'தங்களுக்கு' என்பதற்கும் அதே லேதான். வணக்கம் சொல்லக் கற்பதற்கும் முன்னால் இதுதான் பாடம். "அங்க போயி என்னா செய்யப்போறீங்க? குடுக்கப்போறீங்க. தண்ணி, மருந்து, சாப்பாடு. யாருக்குன்னு மொதல்ல தெரிஞ்சிக்குங்க." தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் 'கு', ஸ்பானிய மொழியில் தனிச் சிறு சொல்லாகி வினைக்கு முன்னால் வந்து நிற்கிறது என்று அவர் விளக்கிய விதம் தெளிவானது. அதை மறுக்க மாட்டேன். 'லே தோய் எல் ஆகுவா', அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். 'லேஸ் லாவோ லா ரோபா', அவர்களுக்குத் துணி துவைக்கிறேன். பெண்கள் ஜெபமாலை சொல்வதுபோல் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஸ்பானிய மொழியில் ஆளின் பெயரைச் சொன்னாலும் அந்தச் சிறு சொல் போகாது. 'அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறேன், மதருக்கு' என்றுதான் வரும். இரும்புலியூரிலிருந்து வந்த என் தோழி ஸ்டெல்லாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"அவங்களுக்கு, மதருக்குன்னு ஏன் சார் ரெண்டு தபா? ஒரு தபா சொன்னா மதருக்குக் காது கேக்காதா?"

வகுப்பே சிரித்தது. சாரும் புன்னகைத்தார். "பெரிய இடத்துல அப்படித்தாம்மா. உங்க வூட்ல யாருக்கும் ஒரு தடவ குடுத்தே பழக்கம் இருக்காது."

சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்டெல்லாவின் அம்மா செசிலி, சார் வேலை பார்த்த அதே பள்ளியில் ஆயா.

பாடப் புத்தகத்தில் 'மே' என்று இன்னொரு பக்கம் இருந்தது. எனக்கு. 'மே குஸ்தா', எனக்குப் பிடிக்கிறது. 'மே துவேலே', எனக்கு வலிக்கிறது. ஆங்கிலம்போல் சுற்றி வளைக்காமல், அப்படியே தமிழ்போல் இருக்கிறதே என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. வாக்கை மறந்து, அந்தப் பாடம் எப்போது என்று கேட்டுவிட்டேன்.

"கன்னியாஸ்திரிக்கு ஏதும்மா புடிச்சது, புடிக்காதது?" என்றார் சார். "அந்தப் பக்கத்தத் தள்ளு."

அவர்கள் தள்ளினார்கள். நான் வீட்டில் படித்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா பதினேழு வயதில் மீனம்பாக்கத்திலிருந்து விமானம் ஏறினாள். மொழி சீக்கிரம் படிய வேண்டும் என்பதற்காக, முதல் சில ஆண்டுகள் வீட்டுக்குக்கூட ஸ்பானிய மொழியில்தான் எழுத வேண்டும் என்பது மடத்தின் விதி. ஆகவே கடிதம் வந்தாலும், பதில் போட வேண்டுமானாலும் தாய்மார்கள் சாரிடம்தான் போக வேண்டும். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு, ஞானோபதேச அறையின் படியில் நின்று அவர் படிப்பார். தாய்மார்கள் கீழே நிற்பார்கள்.

"என் பாசமிகு அன்னையே! பனிமலர் தூவும் இந்நாட்டில் உன் மகள் இறைவனின் மடியில் இன்புற்றிருக்கிறாள்..."

செசிலி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "எம்பொண்ணா இப்டிப் பேசறா! படிப்பு எப்டி வந்துகிது பாருங்க அதுக்கு." மற்றப் பெண்களின் கடிதங்களிலும் அதே பனிமலர் தூவியது. எல்லோரும் அதே மடியில் இன்புற்றிருந்தார்கள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எனக்குப் பட்டது, நான் கடைசி பெஞ்சிலேயே இருந்துவிட்டேன்.

ஸ்டெல்லா போய் இரண்டாம் ஆண்டு முடியும்போது சாருக்கு மஞ்சள் காமாலை. செசிலி அம்மா கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார் படுத்துகினு கீறாரு. நீயும் அந்தப் பாஷ படிச்சவதானே பாப்பா. மெதுவாப் படி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அரைப் பக்கம்தான். "அம்மா, எனக்குக் குளிர்கிறது. எனக்கு முழங்கால் வலிக்கிறது. பகலெல்லாம் துணி துவைக்கிறேன். நர்ஸ் படிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இங்கே பிடிக்கவில்லை. எனக்குப் பதில் எழுது." சார் தள்ளச் சொன்ன பக்கத்தை அவள் அங்கே தானே கற்றுக்கொண்டிருந்தாள்.

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து. மடத்துத் தலைவி எழுதியது: "அம்மா, தங்கள் மகள் இங்கே மகிழ்ச்சியாக இல்லை. விருப்பமில்லாதவரை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. தாங்கள் ஒரு வரி எழுதினால் அவளை அனுப்பிவைக்கிறோம். தங்களிடம் இதைக் கேட்பது மூன்றாம் முறை."

கண்காணாத நாட்டில் இருந்த ஒரு பெண்மணி எதையும் மறைக்கவில்லை. மறைப்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவர் தேவைப்பட்டார்.

நான் எல்லாவற்றையும் படித்தேன், அந்தக் கடைசி வரியைத் தவிர. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. செசிலி அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு, "எழுது. அம்மா கூப்புடுது, வந்துடுன்னு எழுது. இப்பவே எழுது" என்றார். எழுதினேன். அடியில் அவர் தமிழில் செசிலி என்று கையெழுத்துப் போட்டார். அதற்கு அவருக்கு என் கடிதம் முழுவதற்கும் ஆன நேரம் ஆயிற்று.

மறுநாள் சாரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் மஞ்சளாக உட்கார்ந்து மோர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முந்தைய இரண்டு கடிதங்களிலும் தலைவி என்ன கேட்டிருந்தார் என்று கேட்டேன்.

"அந்த 'லே' யாருக்குன்னு தெளிவா இல்லம்மா. மடத்தச் சொல்றாங்களா, அம்மாவச் சொல்றாங்களா..."

"தங்களுக்குன்னு தெளிவாத்தான் இருக்கு, சார்."

தனக்கு இலக்கணம் தெரியாததுபோல் அவர் நடித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தட்டைக் கீழே வைத்தார்.

"ஒருத்தி திரும்பி வந்தா, அப்புறம் எவ பொண்ண அனுப்புவா? அதுவும் இல்லாம, திரும்பி வர்றதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. நான் வந்து எறங்கின அன்னிக்கு எங்கப்பா வாசல மறிச்சிகினு நின்னாரு. 'எதுக்குடா வந்த'ன்னாரு. அதவிட அவமானம் கெடையாது. அந்தப் புள்ளைக்கு அது வேணாம்னுதான். நீ யார்கிட்டயும் சொல்லாத."

இதைக் கருணை என்று எடுத்துக்கொள்ள முயன்றேன். முடியவில்லை. செசிலி அம்மாவின் வாசலில் அப்படி யாரும் நிற்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஓர் ஆயாவின் வாசலைப் பற்றி எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. தன் மரியாதைக்கு ஒரு பெண்ணின் முழங்காலைக் காவு கொடுத்துவிட்டு, அதற்குத் தன் பழைய புண்ணைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

ஆனாலும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நான் விட்டுவிட்ட வரியையும் சொல்ல வேண்டும். கடிதத்தில் வேண்டியதை மட்டும் படிக்கும் வித்தையில் அவருக்கு வாரிசு நான் ஒருத்திதான். அவரைப் பற்றி எனக்குள்ள இகழ்ச்சியில் ஒரு பங்கை எனக்கும் எடுத்து வைத்திருக்கிறேன்.

சில மாதங்களில் ஸ்டெல்லா வந்தாள். மீனம்பாக்கத்தில் அம்மா கட்டிக்கொண்டபோது, "இப்பவாவது கூப்புடணும்னு தோணிச்சே" என்றாள். மகளின் வழக்கமான வாய்த்துடுக்கு என்று எண்ணி அம்மா சிரித்தார். அன்றிலிருந்து ஏழு ஆண்டுகளாக அந்த வீட்டில் ஸ்டெல்லா ஒரு குடித்தனக்காரிபோல இருந்தாள். தையல் வேலை செய்தாள், சம்பாதித்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வெளிநாடு போய்வந்த கர்வம் என்று ஊர் சொன்னது. வேறு பெண்கள் போகவில்லை, வகுப்பும் நின்றது. சார் மட்டும் கடைசிவரை கோயிலில் முதல் வரிசையில் அமர்ந்தார்.

அடக்கத்துக்கு மறுநாள் இரும்புலியூர் போனேன். செசிலி அம்மா வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அழுது வீங்கிய கண்கள். "நல்ல மனுசன் பாப்பா. எம்பொண்ணு லெட்டர எப்டிப் படிப்பாரு!" உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், என்னுடையதையும் சேர்த்து. மெஷின் நின்றது.

செசிலி அம்மா என்னைப் பார்க்கவில்லை. "ஏய் ஸ்டெல்லா. மூணு தபா எழுதினியா?"

"ஆமா."

"நான் வேணாம்னு வுட்டுட்டேன்னு நெனச்சியா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஏழு வருசமா அத நெனச்சிகினா என் கையால சோறு துன்ன?"

ஸ்டெல்லா வாசற்படிக்கு வந்தாள். "பசிச்சுது. துன்னேன்" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

செசிலி அம்மா கையைக் கழுவினார். உள்ளே போய் ஒரு துணிப் பையை எடுத்து வந்து மகளின் முன்னால் கொட்டினார். அத்தனை கடிதங்களும் இருந்தன. "நீ எழுதினத நீயே படி. அந்தாளு படிச்சது எனக்கு வேணாம்."

ஸ்டெல்லா படியில் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தாள். "அம்மா, எனக்கு இங்க தூக்கம் வரல," என்று தமிழில் ஆரம்பித்தாள். ஒரு காக்கை முறத்திலிருந்து நெத்திலியைக் கொத்திக்கொண்டு போயிற்று. யாரும் விரட்டவில்லை. என்னை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் கிளம்பினேன்.

அலோசியஸ் சாருக்கு நான் விடைகொடுக்க வேண்டும். பிரிகிறவரிடம் 'போய் வாருங்கள்' என்பது நம் வழக்கம். திரும்பி வருவதைவிட அவமானம் வேறில்லை என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையை மதித்து, இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: போங்கள், சார்.