ஜெயங்கொண்டத்தில் முகூர்த்தம், நாகையில் ஆமை

அரியலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பிழைப்பு கல்யாண வீடியோ. வேலை இல்லாத நாட்களில் பஸ் ஏறி நாகைப் பக்கம் போய்விடுவேன். வலையில் சிக்கிக் காயப்பட்ட கடல் ஆமைகளைக் காப்பாற்றும் சிலர் அங்கே இருக்கிறார்கள். அவர்களைப் படம் எடுக்கப் போய், பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் ஒரு கடல் ஆமையிடம் நின்றுவிட்டேன். நைலான் கயிறு அதன் முன்துடுப்பு ஒன்றை அறுத்திருந்தது. தொட்டியில் ஒரு பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்த அது, மெல்ல மெல்ல நேராக நீந்தப் பழகியதை மாதக்கணக்கில் எடுத்தேன். கடலில் விடும் காட்சி மட்டும் பாக்கி.

ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் நின்றுகொண்டிருந்தபோது, ஆமையைப் பார்த்துக்கொள்ளும் பெண் போன் செய்தார்.

“சார், காத்து அடங்கிடுச்சு. நாளைக்குக் காலையில விடுறோம்.”

“இன்னும் ஒரு நாள் தள்ள முடியாதாங்க?”

“பாரஸ்ட்காரங்க சொல்லிட்டாங்க சார். எங்க கையில இல்ல.”

எனக்குப் பதிலாக முகூர்த்தத்தை எடுக்க, தெரிந்த கேமராக்காரர்களை எல்லாம் அழைத்தேன். மறுநாள் பெரிய முகூர்த்த நாள். ஒருவரும் சும்மா இல்லை. கல்யாணப் பெண்ணின் அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஒரே பொண்ணு தம்பி. நீங்க இருக்கீங்கன்னுதான் நிம்மதியா இருக்கேன். வுட்டுட்டுப் போயிடாதீங்க.”

திட்டியிருந்தால் போயிருப்பேன்.

காலையில் மேடையைச் சுற்றி உறவுக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஓமப்புகை கண்ணை எரித்தது. விளக்குச் சூட்டில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் நகர இடமில்லை. பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. தாலி கட்டி முடியும்வரை எடுக்க முடியவில்லை.

பிறகு சாமான் அறைக்குள் ஒதுங்கி, நாகையிலிருந்து அந்தப் பெண் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஆமை மணலில் தன்னை இழுத்துக்கொண்டு போகிறது. முதல் அலை அதைப் புரட்டிப் போடுகிறது. “ஐயோ” என்று ஒரு குரல். அப்புறம் வெறும் வானம். கடைசிவரை வானம்தான்.

ஆத்திரத்தோடு அழைத்தேன். “போனை ஏங்க கீழ வச்சீங்க?”

“கவுந்துடுச்சு சார். நாந்தான் பக்கத்துல நின்னேன்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “நிமுத்தி விட்டோம். நேரா போயிடுச்சு சார்.”

நான் அங்கே இருந்திருந்தால் கேமராவைக் கீழே வைத்திருப்பேனா என்று யோசித்தேன். அதற்குள் வெளியே கூப்பிட்டார்கள்.

“வீடியோக்காரத் தம்பி, மாப்ள வூட்டுக்காரங்க நிக்கிறாங்க, வாங்க!”

மதியம்வரை குடும்பம் குடும்பமாக மேடையேறினார்கள். எல்லோரையும் சிரிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.